வரிநெல்

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
கோழி வண்டியை நிறுத்துகிறார்கள்.
பால் கேனைத் திறந்து மோந்து பார்க்கிறார்கள்.
ஏழு பேர் திணிந்த எங்கள் ஆட்டோவிடம்
எங்கே என்று கேட்பதோடு சரி.
"களை பறிக்க."
போ என்று கை அசையும்.

கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே
சுகுமாரன் மன்னாடியார் வயல்.
புல்லையும் நெல்லையும் அங்கே கண் பிரிக்காது.
இலை தண்டைக் கட்டிக்கொள்ளும் மடக்கில்
பெருவிரலை வைத்து உரச வேண்டும்.
நெல்லுக்கு ஒரு சின்ன நாக்கு உண்டு,
நகக்கண்ணில் உரியும் தோல்போல.
குதிரைவாலிப் புல்லுக்கு நாக்கு இல்லை.
நாக்கில்லாததைப் பிடுங்கு.
முதல் வருசம் ஒரு பாத்தி நெல்லைப் பிடுங்கி எறிந்து
அரைக்கூலி வாங்கிய அன்று
விரல் தானே இதைப் படித்துக்கொண்டது.

வரிநெல்லுக்கும் நாக்கு இருக்கிறது.

அதே பச்சை, அதே தூர்.
போட்ட யூரியாவில் பாதியைத்
தன் பங்குபோல் தின்றுவிட்டு
ஐம்பத்தைந்தாம் நாள்
ஒரு சாண் மேலே தலையைத் தூக்குகிறது.
மணிக்கு மணி மீசை.
நெல் பால் பிடிக்கும்போது இது பழுத்து
காற்று தொட்டாலே உதிர்ந்து
சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது,
அடுத்த மழைக்கோ அதற்கும் அடுத்ததற்கோ.
அரிவாள் வரும்போது வெறுங்காம்பு.
நாங்கள் இதைக் கள்ளநெல் என்போம்.

"நாமளும் இப்பிடித்தானக்கா,
அடுத்தவன் வயல்ல தலை தூக்கிக்கிட்டு"
என்றாள் கன்னாத்தா.
பேசாமல் பறி என்றேன்.
நமக்குக் கூலி உண்டு.

கிருஷிபவனிலிருந்து ரஜிதா மேடம் வந்தார்,
முழங்கால்வரை சேறோடு.
கையில் ஒரு குழாய்,
முனையில் மருந்தில் ஊறிய துணித்திரி.
"நெல்லைத் தொடண்டா.
மேல நிக்கறதை மாத்திரம் தடவு."
உயரம்தான் அதன் திமிர்,
உயரத்திலேயே அதற்குச் சாவு.
நாலு பேர் வேலையை அந்தக் குழாய் செய்தது.
மறுநாள் ஆட்டோவில் கால் நீட்ட இடம் இருந்தது.

அடுத்த போகத்துக்கு முன்னே
தண்ணீர் கட்டி, விதைக்காமல் காத்திருந்து,
முளைத்ததை எல்லாம் உழுதுவிட வேண்டுமாம்.
இரண்டு தடவை.
"ஆளியாற்று வெள்ளம் உங்க ஆளுகள் விட்டாலல்லவா?"
மன்னாடியார் எங்களைப் பார்த்தார்,
மதகின் சாவி
எங்கள் தூக்குப்போசியில் இருப்பதுபோல.

இது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது.
போன வருசம் அறுப்பு மெசின் ஆத்தூரிலிருந்து வந்தது.
வழியில் எத்தனை வயலைத் தின்றதோ,
அதன் வயிற்றை யாரும் கழுவவில்லை.

என் வயலுக்கு எப்படி வந்தது என்று
எனக்குத் தெரியும்.

எல்லைக்கு இந்தப் பக்கம், குளத்துக்குக் கீழே,
குத்தகைக்கு முக்கால் ஏக்கர்.
தினம் சாயங்காலம்
அந்த வாய்க்காலில்தான் சேலையை அலசினேன்,
சேற்றோடு, கரையில் குத்திக்கொண்ட
ஏழெட்டு மீசைகளோடு.
சாவடியில் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்
இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்று விடியலில் வரப்பில் நிற்கிறேன்.
என் நெல்லுக்கு மேலே
மூன்று தலைகள்.
இல்லை, வாய்மடைப் பக்கம் இன்னும் நான்கு.
ரோட்டில் ஆட்டோ ஒலி எழுப்புகிறது.
கதிரை அசையவிடாமல்
முதலில் முந்தானையால் மூடி
உள்ளேயே ஒடித்தேன்,
தூங்குகிற பிள்ளையைத்
தொட்டிலில் இருந்து எடுப்பதுபோல.
ஆனாலும் நாலு மணி தண்ணீரில் விழுந்தன.
குனிந்து துழாவினேன். இரண்டு கிடைத்தன.

ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் கொட்டினேன்.
மீசை முதலில் கருகியது.
ஒன்று மட்டும் பொரிந்து
வெள்ளையாகத் துள்ளி வெளியே விழுந்தது.
எடுத்து வாயில் போட்டேன்.
நெல்தான்.